ஆங்கிலத்தின் 'தே': ஒருமையா, பன்மையா?

"சம்படி ஹேஸ் லெஃப்ட் தெயர் அம்ப்ரெல்லா." யாரோ குடையை மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பதை ஆங்கிலம் பேசுகிறவர்கள் இயல்பாக இப்படித்தான் சொல்வார்கள். இதே வாக்கியத்தை ஒரு மாணவி தேர்வுத்தாளில் எழுதினால், நம் பள்ளிகள் பலவற்றில் 'தெயர்' என்ற சொல்லின் மேல் சிவப்பு மை விழும். பக்கத்தில் 'ஹிஸ்' என்று திருத்தம் வரும். 'சம்படி' ஒருமை, 'தே' பன்மை, ஒருமையைப் பன்மையால் சுட்டக்கூடாது என்பது காரணம். ரென் அண்டு மார்ட்டின் இலக்கணத்தில் வளர்ந்த தலைமுறைகளுக்கு இது கேள்விக்கு அப்பாற்பட்ட விதி.

அந்த மாணவி எழுதியது சரி என்பது என் கருத்து. விருப்பத்தை வைத்து இதைச் சொல்லவில்லை; 'தே', 'தெம்', 'தெயர்' ஆகிய மூன்று சொற்களின் வரலாறு அப்படித்தான் பேசுகிறது. அண்மைக் காலத்தில் இந்தச் சொல் பாலின அடையாளம் பற்றிய விவாதத்தின் நடுவில் வந்து நிற்பதால், பழைய வழக்கு எது, புதிய வழக்கு எது என்று பிரித்துப் பார்க்காமலே பலர் கோபப்படுகிறார்கள். பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

முதலில் ஒரு வியப்பான செய்தி: 'தே' ஆங்கிலத்தின் சொந்தச் சொல் இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'அவன்' என்பதற்கு 'ஹே', 'அவள்' என்பதற்கு 'ஹேயோ', 'அவர்கள்' என்பதற்கு 'ஹீயெ' என்று ஏறத்தாழ ஒலிக்கும் சொற்கள் இருந்தன. காலப்போக்கில் சொல்லிறுதி ஒலிகள் தேய்ந்தபோது, சில வட்டாரங்களில் மூன்றும் ஒன்றுபோலக் கேட்கத் தொடங்கின. வந்தது அவனா, அவளா, அவர்களா என்று காதால் பிரிக்க முடியாத நிலை.

அதே சமயம் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்தவர்கள் குடியேறியிருந்தார்கள். 793-ல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சூறையாடியவர்களின் வழிவந்தவர்களும் உறவினர்களும் ஒரு நூற்றாண்டுக்குள் அங்கே ஏர் பூட்டி, பெண் எடுத்து, பெண் கொடுத்து ஊரோடு கலந்துவிட்டார்கள். அவர்கள் பேச்சிலிருந்து முட்டைக்கு 'எக்', கத்திக்கு 'நைஃப்', சன்னலுக்கு 'விண்டோ', எடுத்தலுக்கு 'டேக்' என அன்றாடச் சொற்கள் ஆங்கிலத்தில் புகுந்தன. அவற்றோடு 'தெய்ர்', 'தெய்ம்', 'தெய்ரா' ஆகிய பிரதிப்பெயர்களும் வந்தன. பொருட்பெயர்களை எந்த மொழியும் எளிதில் கடன் வாங்கும். 'அவர்கள்' என்பதைக் கடன் வாங்குவது அரிது. பழைய ஆங்கிலச் சுட்டுச்சொற்களும் இதில் துணைசெய்திருக்கலாம் என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. ஆனாலும் ஸ்காண்டிநேவியரின் செல்வாக்குதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

இந்த மூன்று சொற்களும் ஒரே நாளில் குடியேறவில்லை. கி.பி. 1200 வாக்கில் லிங்கன்ஷையர் பகுதியில் ஓர்ம் என்ற துறவி எழுதிய 'ஓர்முலும்' என்ற சமய நூலில் எழுவாய் வடிவம் புதியது. மற்ற வடிவங்களில் பழசும் புதுசும் கலந்து வருகின்றன. இருநூறு ஆண்டுகள் கழித்து லண்டனில் எழுதிய சாசர் 'தே' என்றுதான் எழுதுகிறார். ஆனால் 'தெம்', 'தெயர்' வரவேண்டிய இடங்களில் அவரிடம் 'ஹெம்', 'ஹிர்' என்ற பழைய வடிவங்களே நிற்கின்றன. பதினைந்தாம் நூற்றாண்டின் முடிவில், காக்ஸ்டன் அச்சுக்கூடம் நடத்திய காலத்தில்தான் மூன்றும் தெற்கில் நிலைபெறுகின்றன. பழைய 'ஹெம்' இன்றும் முழுதாகச் சாகவில்லை. 'லெட் எம் கோ' என்று வேகமாகப் பேசும்போது கேட்கும் 'எம்', 'தெம்' என்பதன் சுருக்கம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது அந்த 'ஹெம்' விட்டுச்சென்ற எச்சம்.

'தே' ஒருமைக்கு வந்த முதல் எழுத்துச் சான்றாக ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் காட்டுவது 1375-ஆம் ஆண்டளவில் பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்க்கப்பட்ட 'வில்லியமும் ஓநாய்மனிதனும்' என்ற கதைப்பாட்டு. காலத்தைக் கவனியுங்கள். தெற்கு ஆங்கிலத்தில் 'தெம்', 'தெயர்' இன்னும் வேர்பிடிக்காத நாளிலேயே, ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் குறிக்க 'தே' வந்துவிட்டது. சாசரிடம் அது இருக்கிறது. ஷேக்ஸ்பியரிடம் இருக்கிறது. 1611-ல் வெளியான ஜேம்ஸ் மன்னர் பைபிளில், மத்தேயு 18-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் 'ஒவ்வொருவனும்' என்ற பொருளுள்ள ஒருமைச் சொல்லைத் தொடர்ந்து 'தெயர்' வருகிறது. ஜேன் ஆஸ்டின் தம் நாவல்களில் தயக்கமே இல்லாமல் மீண்டும் மீண்டும் இப்படி எழுதினார். நல்ல ஆங்கிலம் எது என்று கேட்டால் நாம் யாரைக் காட்டுவோமோ, அவர்களே சாட்சிக் கூண்டில் நிற்கிறார்கள்.

'தே'வுக்கு வேறு பயன்களும் உண்டு. அவற்றில் சண்டை இல்லை. 'தே சே' என்றால் 'சொல்கிறார்கள்', யார் என்று கேட்கக்கூடாது. 'தே ஹேவ் ரெய்ஸ்ட் த ஃபேர்' என்றால் 'கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள்'. ஏற்றியது அரசா, போக்குவரத்துக் கழகமா என்பது கேட்பவருக்கே தெரியும். வங்கி, அணி, நிறுவனம் போன்றவற்றையும் 'தே' என்பார்கள். நம் பேச்சில் 'பஸ் கட்டணத்த ஏத்திட்டாங்க' என்று எழுவாயே இல்லாமல் வினைமுற்றை மட்டும் வைத்து இதைச் சொல்லிவிடுகிறோம்.

சிக்கல் தொடங்குவது பதினெட்டாம் நூற்றாண்டில். ஆங்கிலத்துக்கு லத்தீன் மாதிரியில் இலக்கணம் வகுக்கும் வேகம் அப்போது எழுந்தது. நியூகாசிலில் பள்ளி நடத்திய ஆன் ஃபிஷர் தம் இலக்கண நூலில், இரு பாலாரையும் பொதுவாகக் குறிக்க ஆண்பாற் சொல்லே போதும் என்று எழுதினார். அந்தக் கருத்தை அச்சில் முதலில் வைத்தவர்களில் ஒரு பெண்ணும் இருந்தார் என்பதை இந்த வரலாறு எழுதுகிறவர்கள் தவறாமல் குறிப்பிடுவார்கள். 1795-ல் லிண்ட்லி மர்ரே வந்தார். அமெரிக்காவில் வழக்கறிஞராகவும் வணிகராகவும் இருந்து, உடல்நலம் குன்றி இங்கிலாந்தின் யார்க் நகரருகே குடியேறிய குவேக்கர் சமயத்தவர். அங்கிருந்த ஒரு பெண்கள் பள்ளியின் ஆசிரியைகள் கேட்டுக்கொண்டதால் அவர் எழுதிய இலக்கணம், அடுத்த அரை நூற்றாண்டுக்கு அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் பாடநூலானது. 'எனி ஒன்' என்று தொடங்கி 'தெயர்' என்று தொடரும் வாக்கியத்தைப் பிழைத்திருத்தப் பயிற்சியில் வைத்து, அதை 'ஹிஸ்' என்று மாற்றச் சொன்னார். பெண்பிள்ளைகளுக்காக எழுதிய நூலில், பெண்பிள்ளைகள் தம்மைப் பற்றியும் 'அவன்' என்றே எழுதவேண்டும் என்ற விதி.

1975-ல் ஆன் போடீன் என்ற ஆய்வாளர் எழுதிய கட்டுரை இந்த விதியின் அடிப்படையை ஆட்டிவிட்டது. அவர் எழுப்பிய கேள்வி எளியது. 'சம்படி' என்பதை 'தே' என்று சுட்டினால் எண் பொருந்தவில்லை. 'ஹி' என்று சுட்டினால் பால் பொருந்தாமல் போகலாம். இரண்டுமே இலக்கண முரண்தான். எண் முரணைக் குற்றம் என்றும் பால் முரணைச் சரி என்றும் இலக்கணக்காரர்கள் தீர்மானித்தது எதனால்? விதியைக் காப்பவர்கள் இதற்கு இலக்கணத்துக்குள் நின்று சொன்ன நல்ல பதில் எதையும் நான் கண்டதில்லை.

இந்த விதி வகுப்பறையோடு நிற்கவில்லை. சட்டப் புத்தகத்தில் ஏறியது. 1850-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், சட்டங்களின் மொழியைச் சுருக்குவதற்காக ஒரு சட்டம் இயற்றியது. ஆண்பாற் சொற்கள் பெண்களையும் உள்ளடக்கும் என்பது அதன் ஓர் ஏற்பாடு. காகிதத்தில் இது சமத்துவம்போலத் தெரியும். சோதனை 1868-ல் வந்தது. முந்தைய ஆண்டின் வாக்குரிமைச் சட்டம், தகுதியுள்ள ஒவ்வொரு 'மேன்' வாக்களிக்கலாம் என்றது. 'மேன்' என்றால் பெண்ணும்தானே என்று மான்செஸ்டரில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கோரினார்கள். அவர்களுக்காக வாதாடியவர்களில் ஒருவர் ரிச்சர்ட் பேங்க்ஹர்ஸ்ட். பின்னாளில் வாக்குரிமைப் போராட்டத்தை வழிநடத்திய எமலைன் பேங்க்ஹர்ஸ்டின் கணவர் ஆனவர். சார்ல்ட்டன் எதிர் லிங்ஸ் என்ற அந்த வழக்கில் நீதிமன்றம் மறுத்துவிட்டது. தண்டனைக்கும் வரிக்கும் பெண்ணை உள்ளே இழுத்துக்கொண்ட ஆண்பாற் சொல், வாக்கு என்று வந்தபோது அவளை வெளியே நிறுத்தியது.

அதே விதி கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் எட்டாம் பிரிவில், 'ஹி' என்ற சொல் ஆணோ பெண்ணோ எவரையும் குறிக்கும் என்றது. 1897-ஆம் ஆண்டின் பொதுப்பிரிவுகள் சட்டம், 13-ஆம் பிரிவில் ஆண்பாற் சொல் பெண்ணையும் சேர்த்தே குறிக்கும் என்று எல்லாச் சட்டங்களுக்கும் பொதுவாக வகுத்தது. இத்தகைய பொதுவிதி இருந்தும், 1916-ல் ரெஜினா குஹா என்ற சட்டப் பட்டதாரி வழக்காடுநராகப் பதிவுசெய்யக் கேட்டபோது கல்கத்தா உயர்நீதிமன்றம் இடம் தரவில்லை. 1923-ல் தனியாக ஒரு சட்டம் இயற்றித்தான் பெண்கள் வழக்கறிஞராகத் தடையில்லை என்று அறிவிக்க வேண்டியிருந்தது. 'ஹி' என்றால் எல்லாரும் அடக்கம் என்று இன்றும் சொல்கிறவர்கள் இந்த வழக்குகளைப் படிக்கவேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் சொல் 'ஹி'தான். அது ஆண், பெண், மாற்றுப் பாலினத்தவர் மூவரையும் குறிக்கும் என்று இப்போது விரித்து எழுதியிருக்கிறார்கள். பொருள் விரிந்தது நல்லது. மூவரையும் இயல்பாகக் குறிக்க மொழியிலேயே ஒரு சொல் இருக்கும்போது, ஆண்பாலை இழுத்து நீட்டுவது ஏன் என்ற கேள்வி மட்டும் நிற்கிறது.

'தே' வேண்டாம், 'ஹி'யும் வேண்டாம் என்று புதுச்சொல் படைக்க முயன்றவர்கள் ஏராளம். அவற்றில் ஓரளவு பிழைத்தது 'தான்' என்ற சொல். 'தட் ஒன்' என்ற இரு சொற்களை ஒட்டிச் செய்தது. நம் 'தான்' போலவே எழுத நேர்வது வெறும் ஒலி ஒப்பு. படைத்தவர் சார்ல்ஸ் கிரோசாட் கன்வர்ஸ் என்ற அமெரிக்க வழக்கறிஞர், இசையமைப்பாளர். தமிழ்க் கிறித்தவ ஆலயங்களில் 'பாவ சஞ்சலத்தை நீக்க' என்று பாடுகிறார்களே, அந்த மெட்டு அவருடையது. அவருடைய சொல் 1934-ஆம் ஆண்டின் வெப்ஸ்டர் பேரகராதியில் இடம்பெற்று, 1961 பதிப்பில் நீங்கியது. மெட்டு இன்னும் ஒலிக்கிறது. பேசுகிறவர்களிடம் ஏற்கெனவே ஒரு சொல் புழங்கும்போது, அதே வேலைக்கு இன்னொன்றைத் திணிப்பது கடினம்.

பன்மை ஒருமையாவது ஆங்கிலத்துக்குப் புதிதும் இல்லை. 'யூ' ஒரு காலத்தில் 'நீங்கள்' மட்டும்தான். 'நீ' என்பதற்கு 'தவ்' இருந்தது. மேலோரை மரியாதைக்காகப் பன்மையில் அழைக்கத் தொடங்கி, பிறகு யாரை எப்படி அழைப்பது என்ற சங்கடத்தைத் தவிர்க்க எல்லாரையும் 'யூ' என்று அழைத்து, கடைசியில் 'தவ்' வழக்கொழிந்தது. இதைக் கடுமையாக எதிர்த்தவர்கள் குவேக்கர்கள். கடவுளுக்கு முன் எல்லாரும் சமம், ஒருவரைப் பன்மையில் விளிப்பது பொய் என்பது அவர்கள் வாதம். அவர்களின் தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸ் 1660-ல் வேறு இருவரோடு சேர்ந்து, பல மொழிகளின் ஒருமை பன்மையைச் சான்றுகாட்டி ஒரு நூலே வெளியிட்டார். நியாயம் அவர் பக்கம் கொஞ்சம் இருந்தது. வழக்கு அவர் பக்கம் இல்லை. இன்று ஒரே ஆளைப் பார்த்து 'யூ ஆர்' என்று பன்மை வினை போட்டுச் சொல்வதை எந்த ஆசிரியரும் அடிப்பதில்லை. 'தே'வும் அதே வழியில்தான் போகிறது: ஒருவரைக் குறித்தாலும் வினை 'தே ஆர்' என்றுதான் வரும், 'தே இஸ்' என்று வராது.

புதியது எது என்பதற்கு இப்போது வரலாம். அறுநூறு ஆண்டுப் பழமையுள்ள வழக்கில் 'தே' குறிப்பது, யாரென்று தெரியாத ஒருவரை அல்லது 'ஒவ்வொருவரும்', 'எவரேனும்' போன்ற பொது ஆளை. பெயர் தெரிந்த, எதிரே நிற்கும் ஒரு தனி ஆளை, அவர் தம்மை ஆண் என்றோ பெண் என்றோ சொல்லிக்கொள்ள விரும்பாததால் 'தே' என்பது கடந்த சில பத்தாண்டுகளில் பரவியது. இந்த இரண்டும் மூளைக்கு ஒன்றில்லை. 1997-ல் ஜூலி ஃபோர்ட்ச், மார்ட்டன் ஆன் கெர்ன்ஸ்பேக்கர் இருவரும் வாசிப்பு வேகத்தை அளந்து பார்த்தார்கள். பொதுவான ஆளைப் பற்றிய வாக்கியத்தில் 'தே' வந்தபோது வாசிப்பு தடைபடவில்லை. குறிப்பிட்ட ஒருவரைப் பற்றியதாக இருந்தபோது சற்றுத் தாமதமானது. பழக்கமின்மையின் தாமதம் அது என்றே நான் கொள்கிறேன். அந்த ஆய்வுக்குப் பிறகு இந்த வழக்கு வேகமாகப் பரவியிருக்கிறது.

அமைப்புகளும் ஒவ்வொன்றாக அசைந்தன. 2015 முடிவில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் தன் நடைக் கையேட்டில் இதற்கு இடம் தந்தது. அமெரிக்க வழக்குமொழிக் கழகம் ஒருமை 'தே'வை 2015-ன் சொல்லாகவும், பின்னர் அந்தப் பத்தாண்டின் சொல்லாகவும் தேர்ந்தது. அசோசியேட்டட் பிரஸ் 2017-ல், வேறு வழியில்லாத இடங்களில் என்ற எச்சரிக்கையோடு ஏற்றது. 2019-ல் அமெரிக்க உளவியல் கழகத்தின் ஏழாம் பதிப்புக் கையேடு தயக்கமின்றிப் பரிந்துரைத்தது. மெரியம் வெப்ஸ்டர் அகராதி புதிய பொருளைச் சேர்த்துக்கொண்டு, 'தே'வை அவ்வாண்டின் சொல்லாக அறிவித்தது.

எதிர்ப்பவர்களின் ஒரு வாதத்தை மதிக்கவேண்டும்: குழப்பம். ஒருவரும் ஒரு கூட்டமும் ஒரே பத்தியில் வந்தால் 'தே' யாரைச் சுட்டுகிறது என்று தெரியாமல் போகலாம். செய்தி எழுதுகிறவருக்கு இது உண்மையான தொல்லை. பெயரை மறுபடி எழுதித்தான் தீர்க்கவேண்டும். ஆனால் இரண்டு ஆண்கள் வரும் கதையில் 'ஹி'யும் இதே குழப்பத்தைத் தருகிறது. அதற்காக யாரும் 'ஹி'யைத் தடை செய்யவில்லை. இன்னொரு பக்கம், 'தே'வைக் கைவிட்டு விதிப்படி எழுதினால் என்ன ஆகும் என்றும் பார்க்கவேண்டும். எல்லாரும் உள்ளே வந்தார்கள், பிறகு அவன் உட்கார்ந்தான் என்ற பொருளில் 'எவ்ரிபடி கேம் இன், அண்ட் தென் ஹி சாட் டவுன்' என்று எழுதினால், அந்த 'அவன்' யார் என்று படிப்பவர் தேடுவார்.

தமிழ் வாசகருக்கு இந்த விவாதம் முழுக்க அறிமுகமான மணமுடையது. ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் உள்ள உயர்வுச்சொல். ஆனால் இலக்கண நெறிப்பட்டதன்று என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் குறிக்கிறார். வழக்கு ஒரு பக்கம், விதி ஒரு பக்கம் என்பதை மறைக்காமல், வழக்கைப் பிழை என்று அடிக்காமல் பதிவுசெய்த நேர்மை அது. பெயரியலில் இன்னும் நுட்பமாக, 'ஒருவர்' என்ற சொல் ஆண், பெண் இருபாலுக்கும் பொது என்றும், அது பன்மை முடிபு ஏற்கும் என்றும் சொல்கிறார். 'ஒருவர் வந்தார்': பொருளால் ஒருமை, பால் தெரியாது, வினை பன்மை. ஆங்கில இலக்கணக்காரர்கள் இருநூறு ஆண்டுகள் ஏற்க மறுத்த அமைப்பு நம் முதல் இலக்கணத்திலேயே இருக்கிறது. பிறகு 'அவர்' ஒருமை மரியாதையாகவே நிலைத்தது. அஃறிணைக்கு உரியதாயிருந்த 'கள்' விகுதி மனிதருக்கும் வந்து 'அவர்கள்' பிறந்தது. திருக்குறளிலேயே 'மற்றையவர்கள்' என்ற சொல்லைக் காண்கிறோம். இப்போது 'முதலமைச்சர் அவர்கள்' என்று அந்த 'அவர்கள்' கூட ஒருவர் மேல் அமர்ந்துவிட்டது.

அதனால் 'தே'வைத் தமிழாக்குவது எளிது என்று நினைத்தால் ஏமாறுவோம். யாரென்று தெரியாத ஆளுக்கு எந்தச் சிரமமும் இல்லை. 'யாரோ குடைய விட்டுட்டுப் போயிட்டாங்க' என்பது 'தெயர் அம்ப்ரெல்லா'வுக்கு நேர் நிகர். 'ஒவ்வொருவரும் தம் பெயரை எழுதவேண்டும்' என்பதில் 'தம்' பால் பார்ப்பதில்லை. பெயர் தெரிந்த ஒருவர் தம்மைத் 'தே' என்று சொல்லும்படி கேட்கும்போதுதான் முடிச்சு விழுகிறது. எழுத்துத் தமிழில் 'அவர்' இருபாலுக்கும் பொது. பேச்சில் அப்படியில்லை, 'அவரு வந்தாரு' என்றால் தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஆண்தான் நினைவுக்கு வருவார். பெண்ணுக்கு மரியாதை 'அவங்க வந்தாங்க'. கூட்டத்துக்கும் அதே 'அவங்க'தான். சிவகங்கைப் பக்கம் 'அவுக', நெல்லைப் பக்கம் 'அவிய'. ஆக, அச்சில் 'தே'வுக்கு நெருக்கமானது 'அவர்'. திரைப்பட வசனத்தில் நெருக்கமானது 'அவங்க'.

இரண்டிலும் ஒட்டிக்கொண்டு வருவது மரியாதை. அது ஆங்கிலச் சொல்லில் இல்லாதது. 2022-ல் தமிழ்நாடு அரசு பால்புதுமையினர் தொடர்பான சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. பெயர்ச்சொற்களுக்கு அது பெரிய உதவி. வினைமுற்றின் விகுதியை எந்தப் பட்டியலும் தீர்க்காது. 'அலெக்ஸ் செட் தே வில் பி லேட்' என்று நாவலில் ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அலெக்ஸ் ஐம்பது வயதுப் பேராசிரியர் என்றால் 'தாமதமாக வருவதாக அலெக்ஸ் சொன்னார்' என்று முடித்துவிடலாம். அலெக்ஸ் ஆறு வயதுக் குழந்தை என்றால் 'சொல்லுச்சு' என்பது பாசமாகவே ஒலிக்கும். அலெக்ஸுக்கு இருபது வயது, பேசுவது உடன்படிக்கும் தோழி என்றால்? 'சொன்னான்', 'சொன்னா' இரண்டும் அலெக்ஸ் வேண்டாம் என்று சொன்னவை. 'சொன்னாங்க' நட்பைத் தூரத்தில் வைக்கும். 'சொல்லுச்சு' சில ஊர்களில் செல்லம், சில ஊர்களில் அவமதிப்பு. இந்த இடத்தில் நான் எழுவாயையே விட்டுவிடுவேன். நான்காம் வேற்றுமையும் 'ஆம்' விகுதியும் கைகொடுக்கும்: 'அலெக்ஸுக்கு வர லேட்டாகுமாம்.'